வழி காட்டாத வழிகாட்டிகள்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. விழா வந்தால் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் போட்டி வரும். போட்டி வந்தால் பரிசு வரும். பரிசு என்றால் நம் செயற்குழுவுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: புத்தகம். நல்ல வழக்கம்தான். எவர்சில்வர் டம்ளரைவிடப் புத்தகம் உயர்ந்தது என்பதை யார் மறுப்பார்? ஆனால் டம்ளரில் நாள்தோறும் யாராவது தண்ணீர் குடிக்கிறார்கள். நாம் கொடுத்த புத்தகங்களில் எத்தனை இரண்டாம் முறை திறக்கப்பட்டன என்று எவரேனும் கணக்கெடுத்ததுண்டா?

இந்த ஆண்டு விஞ்ஞானப் புத்தகமாக வாங்குவோம், அதிலும் வானத்தைப் பற்றியதாக வாங்குவோம் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. பௌதிகம் படிக்கிறவன் என்ற ஒரே குற்றத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கடைகளிலும் நூலகத்திலும் நண்பர் வீடுகளிலும் கிடைத்தவற்றையெல்லாம் புரட்டினேன். புரட்டியதன் பயனாக எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் செயற்குழுவுக்கு இனிக்காது. ஆயினும் சொல்லாமல் இருப்பது முறையன்று.

முதலில் ஒரு விளக்கம். 'கைடு' என்றதும் நம்மில் பலருக்குப் பரீட்சைக்கு முதல் நாள் இரவும் கோனார் உரையும் கண்முன் வரும். அதை நான் சொல்லவில்லை. பரீட்சைக் கைடு தான் செய்வதாகச் சொன்ன காரியத்தைச் செய்துவிடுகிறது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் சொல்வது ஒரு துறையில் முதல் அடி வைப்பவனுக்கென்று எழுதப்படும் ஆரம்ப நூல்களை. இவற்றோடு சேர்ந்து இன்னொரு ஜாதி உண்டு. அதுதான் பரிசு நூல். வழவழப்பான தாள், பக்கம் முழுவதும் வண்ணப் படம், மடியில் வைத்தால் கால் மரத்துப் போகும் கனம். கடையில் இவ்விரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. வாங்குகிறவர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுகிறார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வானத்தைப் பற்றிய ஆரம்ப நூலிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, 'நீ எந்த ஊரில் நின்றுகொண்டு பேசுகிறாய்?' என்பது. இரசாயனத்துக்கு ஊர் இல்லை. இலண்டனில் கொதிக்கும் அமிலம் இங்கேயும் அப்படியே கொதிக்கும். வானத்துக்கு ஊர் உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. இலண்டனில் அது 51 டிகிரிக்கு மேலே, பாதி வானத்தைத் தாண்டி நிற்கும். நாம் படிக்கும் இந்தக் காசியில் 25 டிகிரி. என் பெற்றோர் பிறந்த தென்காசியில் 9 டிகிரி. ஒரு தென்னை மரம் போதும், துருவனை மறைத்துவிட. வடகாசிக்கும் தென்காசிக்கும் இடையே மட்டும் 16 டிகிரி வித்தியாசம் என்றால், இலண்டனில் உட்கார்ந்து எழுதியவர் நம் வானத்துக்கு எப்படி வழி சொல்வார்?

சொல்கிறார்! சப்தரிஷி மண்டலம் ஒருநாளும் மறைவதில்லை, எந்த மாதம், எந்த மணி நேரம் வடக்கே பார்த்தாலும் தெரியும், அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று பல ஆங்கில நூல்கள் தொடங்குகின்றன. இலண்டனில் அது உண்மை. காசியில் அந்த ஏழு நட்சத்திரங்களும் அடிவானத்துக்குக் கீழே போய் வருகின்றன. தென்காசியில் இன்னும் நெடு நேரம் காணாமல் போகின்றன. ஐப்பசி மாதத்து மாலைக் கல்யாணங்களில் புரோகிதர் மணமக்களுக்கு அருந்ததியைக் காட்டுகிறார் அல்லவா? அந்த வேளையில் அருந்ததி நம் ஊர் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறாள். புரோகிதர் விரல் நீட்டும் திசையில் மாடிப்படிதான் இருக்கும். பாவம், அவரும் ஏதோ ஒரு வழிகாட்டியை நம்பியவர்.

இதில் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போக முடியாத பகுதி ஒன்று உண்டு. என் தந்தை பிழைப்புக்காக ஜாம்ஷெட்பூருக்கு வந்தவர். நாங்கள் அங்கேதான் வளர்ந்தோம். என் தங்கைக்குப் பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தில் பரிசாக ஒரு வான நூல் கிடைத்தது. வெளிநாட்டு நூல், அழகான நூல். நவம்பர் மாதம். மூன்று இரவுகள் தொடர்ந்து எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், புத்தகம் சொன்னபடி வடக்கே பார்த்துச் சப்தரிஷிகளைத் தேடினாள். நான்காம் நாள், "அண்ணா, எல்லாருக்கும் தெரியும்னு போட்டிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை. என் கண்ணிலேதான் ஏதோ கோளாறு போலிருக்கு" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நவம்பர் பிற்பகுதியில் இரவு எட்டு மணிக்கு ஜாம்ஷெட்பூரில் ஏழு ரிஷிகளில் ஒருவர்கூட அடிவானத்துக்கு மேலே இல்லை. குழந்தையின் கண் சரியாகவே இருந்தது. நான் எவ்வளவோ விளக்கியும் அவள் மனத்தில் பதிந்தது நான் சொன்னதன்று, அச்சில் இருந்ததே. புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. இன்று பதினாறு வயதில் அவள் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் "வானம் எனக்கு வராது" என்று முடிவு செய்து ஐந்தாண்டு ஆகிறது.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. தேர்ந்தவன் கையில் பிழையான நூல் அகப்பட்டால் நூலைப் பழிப்பான். ஆரம்பிப்பவன் கையில் அகப்பட்டால் தன்னைத்தான் பழித்துக்கொள்வான். ஆகையால் ஆரம்ப நூலில் உள்ள பிழை மேல்வகுப்பு நூலில் உள்ள பிழையைவிடக் கொடியது. நாமோ மேல்வகுப்பு நூலைப் பேராசிரியர் குழு வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். குழந்தையின் முதல் நூலை அட்டையைப் பார்த்து வாங்குகிறோம்.

"பழைய தகவல்கள் இருக்கும், அதுதானே குறை? புதிய பதிப்பாகப் பார்த்து வாங்கினால் போகிறது" என்றார் செயற்குழு நண்பர் ஒருவர். குறை அதுவும்தான். கிரகங்கள் ஒன்பது என்று சொல்லும் நூல்கள் இன்னும் பரிசுக் கட்டுகளில் வருகின்றன. 2006-ல் புளூட்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சனிக்குச் சந்திரன்கள் 18 என்று ஒரு நூலில் கண்டேன். 2025-ல் ஒரே தவணையில் 128 புதியவற்றை ஏற்றுக்கொண்டு எண்ணிக்கையை 274 ஆக்கிவிட்டார்கள். ஆனால் இவற்றை நான் பெரிய பிழையாகக் கொள்ளவில்லை. தப்பான எண்ணை ஆசிரியர் ஒரு நிமிடத்தில் திருத்தலாம். 18 என்று நம்பியிருந்த குழந்தை 274 என்று கேட்டால் துள்ளிக் குதிக்குமே தவிர, மனமுடைந்து போகாது. எண்ணை எண்ணிப் பார்க்கக் குழந்தை மாடிக்குப் போவதில்லை. நட்சத்திரத்தைத் தேடித்தான் போகிறது. போன இடத்தில் ஏமாறுகிறது. புதிய பதிப்பிலும் இலண்டன் இலண்டனாகவே இருக்கிறது.

நமக்குக் கிடைக்காததை மட்டும் அந்த நூல்கள் காட்டுகின்றன என்பதல்ல. நமக்குக் கிடைப்பதைக் காட்டாமலும் விடுகின்றன. நட்டம் இரட்டிப்பு. அகத்தியர் என்று நாம் சொல்லும் நட்சத்திரம் வானத்திலேயே ஒளியில் இரண்டாவது. இலண்டன்காரர் தம் ஊரில் இருந்துகொண்டு அதை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்க்க முடியாது, நியூயார்க்காரராலும் முடியாது. ஆகவே அவர்களுடைய ஆரம்ப நூலில் அதற்கு இடமில்லை. நமக்கோ பிப்ரவரி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே காசியில் 12 டிகிரி உயரத்திலும், தென்காசியில் 28 டிகிரி உயரத்திலும் அது சுடர்விடுகிறது. விருச்சிகத்தின் வால் பனிப் பிரதேசத்து அடிவானத்தில் புதைந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே தலை முதல் கொடுக்கு வரை முழுத் தேளும் தெரிகிறது. தெற்குச் சிலுவை தென்காசியிலும் சென்னையிலும் தெரியும். காசியில் அதன் அடி நட்சத்திரம் அடிவானத்தை உரசிக்கொண்டு போவதால் தெரியாது. அங்கிருந்து இங்கே வந்து படிக்கும் நமக்கு இது சுவையான செய்தியல்லவா? ஊரை விட்டு வந்தபோது எதையெல்லாம் விட்டு வந்தோம் என்ற கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் அட்சரேகை ஒரு குறை அன்று, வரம். ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் அமைத்தபோது, பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டையும் அங்கிருந்து ஆராயலாம் என்பதும் அந்த இடத்தின் சிறப்பாகக் கொள்ளப்பட்டது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கேதான் நிறுத்தினார்கள். விஞ்ஞானிகள் மலையேறிப் போய் எதைத் தேடிப் பெற்றார்களோ, அதை நம் குழந்தைகள் மொட்டை மாடியில் இலவசமாகப் பெற்றிருக்கிறார்கள். கையில் உள்ள புத்தகம் அதைச் சொல்ல மறுக்கிறது.

பருவங்களின் கதையும் இப்படித்தான். வசந்த வானம், கோடை வானம், இலையுதிர்கால வானம், குளிர்கால வானம் என்று நான்கு அத்தியாயம். இலையுதிர்கால வானத்தைத் தமிழ்நாட்டுக் குழந்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினால் வடகிழக்குப் பருவமழை வரவேற்கும். காசியில் டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம் கங்கையையே மறைத்துவிடுகிறது. 'குளிர்கால வானமே தெளிவானது' என்று புத்தகம் அடித்துச் சொல்கிறது. கம்பளிக் கையுறை போட்டுக்கொள், சூடான கோகோ எடுத்துக்கொள் என்று அரைப் பக்கம் உபதேசம் வேறு. கொசுவைப் பற்றி ஒரு வரி இல்லை! பிறைச் சந்திரனை நெட்டுக்குத்தாக நிறுத்தி வரைகிறார்கள். நம் நாட்டில் மாலைப் பிறை படகுபோல் மல்லாந்து கிடப்பதை எந்தக் கிழவியும் சொல்வாள். சிவன் சடையில் பிறையை வைத்த சிற்பிக்கும் தெரிந்திருக்கிறது.

இனிப் பரிசு நூல்களுக்கு வருகிறேன். இவற்றில் அட்சரேகைப் பிழை குறைவு. காரணம், இவை எதையும் தேடச் சொல்வதில்லை. பார்த்து வியக்கச் சொல்கின்றன. ஹப்பிள் தொலைநோக்கி 1995-ல் எடுத்த அந்தப் புகழ் பெற்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கழுகு நெபுலாவில் தூண் தூணாக எழும் தூசுமேகங்கள். அந்தப் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று வண்ணங்களை மனிதர்கள் ஒதுக்கினார்கள். ஹைட்ரஜனின் அந்த ஒளி உண்மையில் சிவப்பு. இது ஏமாற்று வேலை அன்று. எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காண அது சிறந்த வழி. இதை ஒரே ஒரு வாக்கியத்தில் குழந்தைக்குச் சொல்லிவிடலாம். நான் புரட்டிய பரிசு நூல்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வாக்கியத்துக்கு இடம் தரவில்லை. விளைவு என்ன? வண்ணத்தில் மூழ்கிய கண், பின்னொரு நாள் தொலைநோக்கியில் மிருகசீரிடத்தின் கீழே உள்ள நெபுலாவைப் பார்க்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சுப் படலம். "இவ்வளவுதானா?" என்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு கடந்து வந்த ஒளி நேரே கண்ணில் விழும்போது கேட்கிற கேள்வியா இது! கேட்க வைத்தது யார்?

பரிசாகக் கொடுக்கும் சிறு தொலைநோக்கிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே 60 மில்லிமீட்டர் வில்லை இருக்கும். வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து இரண்டால் பெருக்கினால் வருவதே உருப்படியான உருப்பெருக்கத்தின் எல்லை என்பது பொதுவான கணக்கு. 60 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேலே மங்கல்தான் பெருகும். 1610-ல் கலிலியோ வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில். அந்த உண்மையைப் பெட்டியின்மேல் அச்சிட்டால் விற்காது போலும்.

'பரிசு நூலே வேண்டாம் என்கிறாயா?' என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. பரிசு நூலுக்கு ஒரு வேலை உண்டு: ஆசையை மூட்டுவது. கார்ல் சேகன் 1980-ல் எழுதிய 'காஸ்மாஸ்' ஒரு நட்சத்திரத்தைக்கூட எங்கே தேடுவது என்று சொல்லித் தரவில்லை. ஆயினும் அதைப் படித்து விஞ்ஞானத்துக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அத்தகைய நூலைப் பரிசாகக் கொடுங்கள், கை தட்டுகிறேன். ஆனால் அதில் ஆசை மூட்டுவது ஒரு மனிதனின் சிந்தனை. தாளின் வழவழப்பு அன்று. நம் கடை அலமாரியில் உள்ள பரிசு நூல்களில் பல வாங்குகிறவருக்காக அச்சானவை. கொடுக்கிறவர் மேடையில் நிற்கும்போது பெரிதாகத் தெரிய வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். படிக்கப் போகிறவர் இந்தப் பேரத்தில் எங்குமே இல்லை.

நல்ல ஆரம்ப நூல் என்று ஒன்று இருக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் லெஸ்லி பெல்டியர் என்று ஒரு குடியானவர் வீட்டுப் பையன் இருந்தான். மார்த்தா இவான்ஸ் மார்ட்டின் என்ற அம்மையார் 1907-ல் வெளியிட்ட 'தி பிரண்ட்லி ஸ்டார்ஸ்' என்ற நூல் அவனுக்கு நூலகத்தில் கிடைத்தது. அந்த அம்மையார் வாசகனிடம் வானம் முழுவதையும் கொட்டவில்லை. ஒரு நட்சத்திரத்தை அறிமுகம் செய்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பின் அடுத்ததற்கு அழைத்துப் போகிறார், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அண்டை வீட்டாரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வதுபோல. பையன் ஒன்றைக் கண்டான், மற்றொன்றைக் கண்டான். பிறகு ஸ்ட்ராபெரிப் பழம் பறித்துச் சேர்த்த 18 டாலரில் தொலைநோக்கி வாங்கினான். கல்லூரி வாசலை மிதிக்காத அவர் பின்னாளில் 12 வால்மீன்களைக் கண்டுபிடித்தார். ஒளி மாறும் நட்சத்திரங்களை ஒரு லட்சம் தடவைக்கு மேல் அளந்து குறித்தார். அந்த நூல் அமெரிக்கரால் அமெரிக்க வானத்துக்காக எழுதப்பட்டு அமெரிக்கப் பையன் கையில் விழுந்தது என்பதை மறக்க வேண்டாம். எச். ஏ. ரே, 'கியூரியஸ் ஜார்ஜ்' குரங்குக் கதைகளை உருவாக்கியவர், 1952-ல் வெளியிட்ட நட்சத்திர நூலும் நல்ல நூலே. பழைய படங்களில் பெயருக்கும் உருவத்துக்கும் சம்பந்தமில்லாமல் கிடந்த கோடுகளை மாற்றி, மிதுனம் என்றால் இரண்டு மனிதர், சிங்கம் என்றால் சிங்கம் என்று கண்ணுக்குப் படும்படி வரைந்தார். எங்கே ஆரம்பிப்பவன் தடுக்கி விழுகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் நாட்டில் பிமன் பாசு அவர்கள் ஆங்கிலத்தில் எழுதி நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'ஜாய் ஆஃப் ஸ்டார்வாச்சிங்' இந்திய வாசகரை மனத்தில் வைத்தது. நான் புரட்டியவற்றில் நம் குழந்தைகளுக்கு மிக அருகே வருவது அதுதான்.

ஆனால் தமிழ்க் குழந்தைக்கென்று எழுதினால் தொடக்கம் வேறாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நம் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. கோயில் அர்ச்சனையில் பெயரோடு அதைச் சொல்கிறோம். 'உன் நட்சத்திரம் என்ன?' என்றால் ஐந்து வயதுப் பிள்ளையும் 'சுவாதி' என்று சொல்லும். 'எங்கே காட்டு' என்றால் எழுபது வயதுத் தாத்தாவும் விழிப்பார்! ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம். இவை பஞ்சாங்கத்தில் அச்சான சொற்கள் மட்டுமல்ல. மொட்டை மாடியிலிருந்து வெறுங்கண்ணால் காணக்கூடிய நட்சத்திரங்கள். கேட்டை செக்கச்செவேலென்று தேளின் நெஞ்சில் இருக்கிறது. திருவாதிரையும் சிவப்புத்தான். பிறந்த வேளையில் சந்திரன் வானத்தின் எந்தப் பகுதியில் நின்றது என்பதே ஜன்ம நட்சத்திரம் என்ற சொல்லின் பொருள். சோதிடத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம். கிடைத்தற்கரிய ஒரு நினைவுக் கயிறு நம் மொழியில் சும்மா கிடக்கிறது என்கிறேன். கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலவுக்குப் பக்கத்தில் தேடினால் அறுமீன் கொத்து. மார்கழியில் நிலவு திருவாதிரைக்கு வரும். சித்திரா பௌர்ணமியில் சித்திரைக்கு அருகே. பண்டிகையே வழிகாட்டி! கேசியோப்பியா என்று உச்சரிக்க நாக்கு திணறும் பிள்ளைக்குத் தன் பாட்டியின் நட்சத்திரத்தைக் காட்டினால் மறக்குமா?

கைப்பேசியை வானத்துக்கு நேரே பிடித்தால் எல்லாப் பெயரும் தானே வருகிறதே, புத்தகம் எதற்கு என்று அடுத்த அறை நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எந்த ஊர், எந்த மணி என்ற சிக்கலைக் கைப்பேசி தீர்த்துவிட்டது. இலண்டன் நூலைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். வெளிச்சத் திரையை ஒருமுறை பார்த்தால் பழகியதெல்லாம் போச்சு. மேலும், விரலுக்கு முன் பெயர் வந்து நிற்பதால் தேடும் இன்பமே இல்லை. சென்ற மாதம் படித்துறையில் உட்கார்ந்து நண்பரையே சோதித்தேன். அரைமணி நேரத்தில் நாற்பது பெயர் படித்தார். கைப்பேசியைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு ஒன்றைக் காட்டும் என்றேன். நிலாவைக் காட்டினார்.

காசிப் படித்துறை இதற்கென்றே அமைந்த இடம். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படியில் உட்கார்ந்தால் முகம் கிழக்கே. எதிர்க்கரையில் மணல் திட்டு, கட்டடம் இல்லை. நட்சத்திரங்கள் உதிப்பதை மறைப்பார் யாருமில்லை. ஆறு வரும் பக்கம் ஏறக்குறையத் தெற்கு, போகும் பக்கம் வடக்கு. திசைகாட்டி வாங்கவே வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெய்சிங் மன்னர் மான் மந்திர் மாடியில் வான்கருவிகள் கட்டியதும் இந்தக் கரையில்தான். இன்று படித்துறையில் விளக்கு அதிகம். அக்கரைக்குப் படகில் போனால் இருட்டு உண்டு. எந்த வெளிநாட்டு ஆரம்ப நூலில் இதைப் படிப்போம்? எழுத வேண்டியவர்கள் இங்கே படிக்கும் நாம்தானே.

ஆதலால் செயற்குழுவுக்கு என் யோசனை: பரிசுத் தொகையில் முதல் மூன்று பேருக்கு உருப்படியான நூல்களை வாங்குங்கள், பிமன் பாசு நூல் ஒன்று, சேகன் ஒன்று, மூன்றாவதை உங்களுக்கே விடுகிறேன். மீதிப் பணத்தில் போட்டிக்கு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு வான்படத் தாள் அச்சிடுவோம். ஒரு பக்கம் 25 டிகிரிக்கு, காசி வானம். மறுபக்கம் 10 டிகிரிக்கு, விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போனால் பார்க்கும் வானம். மாதம் மாதமாக, இரவு எட்டு மணிக்கு. பெயர்கள் தமிழில். அகத்தியர் இரு பக்கத்திலும், சிலுவை ஒரு பக்கத்தில் மட்டும். கறுப்பு மை ஒன்றே போதும். இலங்கா பக்கத்து அச்சகம் ஒன்றில் விசாரித்தேன். கனமான பரிசு நூல் ஒன்றின் விலைக்கு ஐம்பது தாள் வரும் என்கிறார்கள்.

நட்சத்திரங்களின் இடங்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். கோடு போடக் கையெழுத்து அழகானவர்கள் இருவரும், பெயர்களைத் தமிழில் சரிபார்க்கத் தமிழ்த் துறை நண்பர் ஒருவரும் வேண்டும். பொங்கலுக்கு முன் ஐந்து ஞாயிறுகள் இருக்கின்றன. முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்க அறையில்.